துள்ளாத துளியும் தூக்கிய கையும்

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில், நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி போகிற சாலையோரம் இருக்கும் எங்கள் ஊரில். டிசம்பர் என்றால் எங்கள் பக்கம் மழையும் ஸ்டாரும். வானத்தில் இருப்பதைச் சொல்லவில்லை. அங்கே மேகம் மூடிக் கிடக்கும். வீட்டுக்கு வீடு கட்டித் தொங்கவிடுகிற காகித ஸ்டாரைச் சொல்கிறேன். எங்கள் சபைத் தேவாலயக் கோபுரத்தில் ஏற்றுவது மட்டும் மூங்கிலில் கட்டியது, ஓர் ஆட்டோ அகலம் இருக்கும். பக்கத்து ஊர் சபையின் ஸ்டாரைவிட நம்முடையது ஒரு சாணாவது பெரிதாக இருக்கவேண்டும் என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அதை மீறியவர் யாரும் இல்லை.

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் செய்த வேலையில் எந்தப் படி விட்டுப்போயிற்று என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள். சம்பளம் நின்றபிறகும் பழக்கம் நிற்கவில்லை. ஸ்டார் ஏற்றிய அன்றும் கோபுரத்தடியில் நின்று, கயிற்றின் கடைசி முனையை முதலில் தூணில் கட்டிவிட்டுப் பிறகு இழுங்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் முன்னால் நின்றவர் என் கணவர். வளைகுடாவில் கிரேன் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர்.

“ஏட்டி, கப்பல் இஞ்சின் ஏத்தி இறக்கினவனாக்கும் நான். காகித ஸ்டாருக்கு உன் ஆர்டர் வேணுமா?” என்றார்.

பாதி உயரத்தில் காற்று ஸ்டாரைப் பிடித்தது. கயிறு எல்லார் கையையும் வழுக்கிக்கொண்டு ஓடியது. கட்டியிருக்க வேண்டிய அந்தக் கடைசி முனை என் எதிரே பாம்பு மாதிரி போவதைப் பார்த்ததும் எட்டிப் பிடித்துவிட்டேன். ஸ்டார் நின்றது. என் வலக்கை மட்டும் ஸ்டாரோடு சேர்ந்து கொஞ்ச தூரம் மேலே போய் வந்தது. நான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாயிற்று. நிரூபித்தது என் தோள்.

மறுநாள் தலை சீவக் கை எழும்பவில்லை. நாகர்கோவிலில் எலும்பு மருத்துவர் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். கையை உயர்த்துகிற தசைநாரில் காயம், நல்ல வேளை அறுந்துபோகவில்லை என்றார். அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் பயிற்சியும் எடுங்கள், ஆறிவிடும் என்றார். எப்போது என்று கேட்டேன். ‘அது உங்கள் தோளைப் பொறுத்தது’ என்றார். என் காலத்தில் ஓர் அலுவலகம் இப்படிப் பதில் எழுதியிருந்தால் பக்கம் பக்கமாக விளக்கம் கேட்டிருப்பேன்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. சபைப் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை, பாட்டுகளாலேயே நடத்துகிற கேரல் ஆராதனை. அந்த வருஷம் முதன்முறையாகக் கடைசிப் பாட்டுக்கு ஒரு புது ஏற்பாடு செய்திருந்தேன். பெரியவர்கள் கீழே பலிபீடத்தின் பக்கம் நின்று, பெண்களில் சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனர், பாஸ் என்று நான்கு குரலில் பாடிக்கொண்டே வருவார்கள். கடைசிச் சரணத்தில், யாரும் எதிர்பாராத நேரத்தில், பின்னால் மேல்மாடத்தில் மறைந்திருக்கும் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து எடுப்பார்கள். கூரையே பாடுவது போல இருக்கவேண்டும். மேலே இருக்கும் பிள்ளைகளுக்குத் தூண்களுக்கும் பெரியவர்களின் தலைகளுக்கும் இடையில் என்னைத் தெரியாது. தலைக்குமேல் முழுக்க உயர்ந்த கை மட்டும்தான் தெரியும்.

இடக்கையை உயர்த்தலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் கணவரும் கேட்டார். எங்கள் குழுவில் வலக்கை உயர்ந்தால் ‘எடு’, இடக்கை உயர்ந்தால் ‘நிறுத்து’. தவழுகிற வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்கம். விதியைப் போட்டவள் நான். ஓர் ஒத்திகையில் இடக்கையை உயர்த்திப் பார்த்தேன். மேல்மாடம் கப்சிப். கீழே பெரியவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஊரிலேயே விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வலக்கை தலைக்குமேல் எழும்பவேண்டும்.

எங்கள் ஜங்ஷனில், மருந்துக்கடை மாடியில், ஒரு பிசியோதெரபி கிளினிக் புதிதாகத் திறந்திருந்தது. நடத்துகிறவள் திற்பரப்புப் பக்கத்துப் பெண், பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆரம்பித்தவள். போனதும், “வாங்க ஆன்ட்டி, இருங்கோ” என்றாள். வேலையில் இருந்த கடைசி நாள் வரை மேடம், மறுநாளிலிருந்து ஆன்ட்டி. ஓய்வூதியத்தோடு இதையும் சேர்த்தே தருகிறார்கள்.

முந்தின இரவு அல்ட்ராசவுண்ட் சிகிச்சையைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். காதுக்குக் கேட்காத ஒலி அலை. வயிற்றுக் குழந்தையைப் பார்க்கிற ஸ்கேனுக்குச் சொந்தக்காரன், ஆனால் வேலை வேறு. படம் எடுக்காது, காயம்பட்ட தசைக்குள் போய் மெல்ல அதிர்ந்து, கொஞ்சம் சூடாக்கி, ஆறுவதற்குத் துணை செய்யும் என்று கொடுக்கிறார்கள். யார் யாருக்குக் கூடாது என்பதும் மனப்பாடம். அவள் ஏதாவது ஒரு கேள்வியை விட்டுவிடுவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பாவிப்பெண் ஒன்றையும் விடவில்லை. நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா, புற்றுநோய் வந்திருக்கிறதா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, தோளுக்குள் கம்பி வைத்திருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா. எல்லாம் கேட்டாள். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

தோளில் குளுகுளுவென்று ஜெல்லைப் பூசி, சோப்பு டப்பா மூடி போலிருந்த மெஷின் தலையை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக நகர்த்தினாள். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது, எலும்பு சூடேறிக் குடையும் என்று நான் அவளுக்கு விளக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே, “சரி ஆன்ட்டி, நிறுத்தமாட்டேன்” என்றாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது, எண்கள் இறங்கின, முடிந்ததும் பீப் என்றது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும், லேசான இளஞ்சூடு தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றாள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன்.

பிறகு பயிற்சி. மேசையைப் பிடித்துக் குனிந்துகொண்டு கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டவேண்டும். சுவரில் விரல்களால் பல்லி ஏறுவதுபோல மேலே மேலே போகவேண்டும். வீட்டில் காலையும் மாலையும் செய்யச் சொன்னாள். சாப்பாட்டு அறைச் சுவரில் பல்லி ஏறினேன். கணவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். “வால் எங்கட்டி?” என்பார்.

நம்பமாட்டீர்கள், கை எழும்ப ஆரம்பித்தது! முதலில் கொண்டை போட முடிந்தது. பிறகு அடுக்களையில் மேல்தட்டுப் புளிப்பானையை எடுத்தேன். ஒருநாள் காலை, மாடியில் கட்டியிருந்த கொடியில் ஈரத்துணியை வலக்கையாலேயே எட்டிப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கை தலைக்குமேல் இருந்தது. கீழே பார்த்து, “என்னங்க! என்னங்க!” என்று கத்தினேன். அவர் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.

அதன்பிறகு நான் அந்த மெஷினுக்கு ஊழியக்காரி ஆகிவிட்டேன். சபையில், பஸ்ஸில், மீன்காரியிடம், எல்லாரிடமும் சொன்னேன். முழங்கை வலிக்காரரான தேங்காய் வியாபாரி ஒருவரை நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். குழுவில் ஆல்டோ பாடுகிற பெண்களில் இரண்டுபேரை அனுப்பினேன். கடைசியாகப் பிடித்தது என் தோழியை. ரிட்டயர்டு தலைமையாசிரியை, குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவள். காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் குதிகால் குத்தும், ஆனாலும் டாக்டரிடம் போகமாட்டாள். நான் நச்சரித்து நச்சரித்து ஒருவழியாக டாக்டரிடம் காட்டி, கேரலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அவளுக்கு எதிலும் நம்பிக்கை சீக்கிரம் வராது. பிள்ளைகளின் லீவ் லெட்டர்களைப் படித்தே அப்படி ஆகிவிட்டாள். படுக்கையில் காலை நீட்டிக்கொண்டு, “சூடும் தெரியாது, சத்தமும் கேக்காது, கண்ணுக்கும் தெரியாது. பின்ன இதுக்குள்ள என்ன இருக்குன்னு நீ எப்படிட்டி கண்ட?” என்றாள்.

இந்தக் கேள்விக்காகவே நான் பிறந்ததுபோல் இருந்தது. ஏனென்றால் அதைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு என்று படித்திருந்தேன். மெஷின் தலையைக் குப்புறக் கவிழ்க்காமல் முகம் மேலே பார்க்கப் பிடித்து, அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மெஷினை ஓடவிட்டால், அலை வரும்போது தண்ணீர் சிலிர்க்கும், துள்ளும், சில சமயம் ஆவி மாதிரி தெறிக்கும். பிசியோவிடம் சொன்னேன். அவளும் உற்சாகமாகி, “ஆமா ஆன்ட்டி, மெஷின் வந்த அன்னைக்குப் பாத்தேன், அழகா இருக்கும்” என்று பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டாள். சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. எண்கள் இறங்கின. மூன்று தலைகளும் குனிந்தன.

துளி சேம்பிலையில் கிடக்கிற மழைத்தண்ணீர் மாதிரி உருண்டையாக, அமைதியாக, அப்படியே கிடந்தது.

பிசியோ அளவைக் கூட்டினாள். துளி கிடந்தது. வயரை ஆட்டினாள். ஒரே ஒரு கணம், துளி உயிர்வந்து சிலிர்த்தது. கையை எடுத்ததும் மறுபடி கிடந்தது. மெஷின் தலைக்குச் சற்றுக் கீழே, ரப்பருக்குள்ளே, வயர் அறுந்திருக்கிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. விளக்கும் எண்ணும் பீப்பும் பெட்டியின் வேலை. தலையில் என்ன நடக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது.

தோழி முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு துளியைப் பார்த்தாள், பிறகு படுக்கையில் மல்லாந்து வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். “ஏட்டி, ஊரையே கூட்டிட்டு வந்து சோப்பு டப்பாவால தடவ விட்டிருக்கியே!”

நான் சிரிக்கவில்லை. பிசியோவும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. “எப்ப இருந்துன்னு தெரியலியே ஆன்ட்டி” என்றாள். அதுதான் என்னையும் அறைந்தது. எந்த நாளிலிருந்து? என் முதல் நாளுக்கு முன்பா, நேற்றா? எனக்குப் போன அலை எத்தனை, போகாதது எத்தனை? இதைத் தேதி போட்டுப் பிரிக்க எந்தத் தணிக்கையாலும் முடியாது.

இனிமேல்தான் வேடிக்கை. தோழியின் பர்ஸ் மேலே அலமாரியில் இருந்தது. எடுக்கலாம் என்று வலக்கையைத் தூக்கினேன். தோளுயரம் போனதும் சுரீர் என்றது. கை நின்றுவிட்டது.

“காலைல கொடியில துணி போட்டேன்னு சொன்னியளே” என்றாள் பிசியோ.

“அது காலைல” என்றேன். “அப்ப எனக்கு விஷயம் தெரியாதுல்லா?”

சொன்னபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் வலி பொய்யில்லை. நான் நடிக்கவில்லை. படித்தவள், நடைமுறை தெரிந்தவள், இந்த வலிக்கு ஆதாரமில்லை என்று எனக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போடத் தயார். தோள் அதை வாங்கிப் படிக்கவில்லை.

பிசியோ என்னைச் சுவரோரம் நிறுத்தித் தட்டித் தடவிப் பார்த்தாள். “தசைநார் நல்லாவே ஆறிட்டு வருது ஆன்ட்டி. நீங்க தினமும் செஞ்ச பயிற்சிதான் பெரிய மருந்து. மெஷின் கூடமாட ஒத்தாசைக்குத்தான். அது இல்லாமலும் ஆறும். பயந்து பிடிச்சுக்கிட்டு இருக்கிய. விடுங்கோ” என்றாள். சொன்னதில் தவறு காண எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நம்பவும் முடியவில்லை.

அன்று மாலையே அவள் ஒரு காரியம் செய்தாள். அதுவரை வந்த எல்லாரையும் போனில் கூப்பிட்டு, மெஷின் பழுது, எப்போதிருந்து என்று தெரியாது, சரியானதும் விரும்பினால் மறுபடி வாருங்கள், காசு வேண்டாம் என்று சொன்னாள். கிளினிக் திறந்து ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையிலான காலம்தான் ஆகியிருந்தது. கடையை மூடவேண்டி வந்துவிடுமோ என்று எனக்கே பயம் வந்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் ‘யாரும் கவனிக்கவில்லை, விட்டுவிடலாம்’ என்று எழுதாமல் எழுதி வைத்ததைத் தோண்டி எடுத்தே காலம் கழித்தவள் நான். தானாக முன்வந்து போனை எடுத்த ஒருவரை அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தடுத்த எண்ணை வாசித்துக் கொடுத்தேன்.

ஆனால் எங்கள் ஊரை நானும் சரியாக எடைபோடவில்லை. ஒருவர்கூட நம்பவில்லை! தேங்காய் வியாபாரி சண்டைக்கே வந்துவிட்டார். “என்ன பிள்ளே சொல்லுத? எனக்கு எலும்பு வரைக்கும் சுள்ளுன்னு சூடு எறங்கிச்சே! இப்ப நான் குலையே தூக்குதேன். மெஷினைக் குத்தம் சொல்லாத.” ஆல்டோக்காரி ஒருத்தி, தனக்கு வைத்த அன்று மட்டும் மெஷின் நிச்சயம் வேலை செய்தது, காதில் ‘ஙொய்’ என்று கேட்டது என்றாள். காதுக்குக் கேட்காத ஒலி என்பதைச் சொல்ல பிசியோ வாயைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று சைகை காட்டினேன். ஊரில் நம்பிக்கை இழந்து, அதனாலேயே கை விழுந்துபோனவள் நான் ஒருத்திதான்.

வியாழக்கிழமை புது வயரும் தலையும் வந்தன. நானே சொட்டு விட்டேன். துளி பொங்கிச் சிலிர்த்து நாலாபக்கமும் தெறித்தது. என் மூக்குக் கண்ணாடியில்கூட ஒன்று விழுந்தது. சின்னப் பிள்ளைபோல் கைதட்டினேன். படுத்தேன். உண்மையான, சோதித்து அறிந்த, கலப்படமில்லாத அலை என் தோளுக்குள் போயிற்று.

முன்பு போலவே, ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை ஒத்திகையிலும் கை காதளவோடு நின்றது. மேலே பிள்ளைகள் எடுக்கவேயில்லை. கணவர், மேல்மாடத்தில் யாரையாவது நிறுத்திக் கொடி காட்டச் சொல்லலாம் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்று அழுதேன். அவர் வந்து பாத்திரங்களைக் கழுவினார். மேல்தட்டில் வைக்கவேண்டியதையெல்லாம் கீழ்த்தட்டிலேயே அடுக்கினார். அது இன்னும் அழுகையாக வந்தது.

ஞாயிறு மாலை மழை விட்டிருந்தது. கோயில் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஜனம். குழந்தை இயேசுவுக்குக் குடிலாகக் கட்டிய புல்கூட்டில் போட்ட வைக்கோல் வாசனையும் புதுச்சட்டை வாசனையும் கலந்து கிடந்தது. பிசியோ அம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண்; அன்று எங்கள் சபைக்கு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக் கேட்க வந்தாளா, தோளைப் பார்க்க வந்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு பாட்டாகப் போயிற்று. வலக்கையை நெஞ்சுக்கு முன்னால் சின்னதாக அசைத்தே சமாளித்தேன். கடைசிப் பாட்டு. முதல் சரணம் அழகு. இரண்டாம் சரணத்தில் டெனர்கள் இதுவரை பாடாததுபோல் பாடினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசிச் சரணத்தில் பாஸ் குரல்கள்தான் முதலில் வரியை எடுக்கவேண்டும். அந்த வரியின்மேல் ஏறித்தான் பிள்ளைகள் வரவேண்டும். பாஸுக்குத் தலைவர் என் கணவர். மணமான நாளிலிருந்து அவர் பாட்டுப் புத்தகத்தில் கண்ணை நட்டு வைத்துப் பாடுகிறவர். என்னை நிமிர்ந்து பாருங்கள் என்று கெஞ்சாத ஒத்திகை கிடையாது. அந்த ஒரு நாள், அந்த ஒரு இடத்தில், அவர் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் முகத்தை அல்ல. என் தோளை. வாய் பிளந்து, கண் கலங்கி, ‘எழும்பிருமா, எழும்பிருமா’ என்று. அவர் எடுக்காததால் பின்னால் நின்ற பாஸ்காரர் யாரும் எடுக்கவில்லை. கீபோர்டு தனியாகப் போகிறது. தோழி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கோயில் என்பது மறந்தது. ஜனம் மறந்தது. இத்தனை வருஷம் பார்க்காத மனுஷன் இன்றைக்கா பார்க்கவேண்டும்? ‘எடுங்க!’ என்று சத்தமில்லாமல் வாயை அசைத்து அவரைப் பார்த்து எக்கினேன். அவர் திடுக்கிட்டு எடுத்தார். இடிபோல எடுத்தார்கள். அடுத்த கணம் கூரையிலிருந்து பாட்டு கொட்டியது.

பிள்ளைகள். மொத்தப் பிள்ளைகளும். மேலிருந்து, ஒரே குரலாக, சரியான இடத்தில். கீழே உட்கார்ந்திருந்த ஜனம் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பி அண்ணாந்து பார்த்தது. அவர்களை யார் எடுக்கச் சொன்னது என்று ஒரு விநாடி எனக்கே புரியவில்லை. பிறகுதான் என் கையைத் தேடினேன். அது நெஞ்சுக்கு முன்னால் இல்லை. தலைக்குமேல், முழங்கை மடங்காமல், விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. அதைக் கீழே இறக்கப் பயமாக இருந்தது, இறக்கவும் தோன்றவில்லை. கடைசி ஸ்வரம் அடங்கும்வரை அப்படியே வைத்திருந்தேன். பிறகு இடக்கையை உயர்த்தினேன். எல்லாரும் நிறுத்தினார்கள்.

வாசலில் கேக்கும் சுக்குக்காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரே வழக்கு. கணவர், தான் கோபமூட்டியதால்தான் கை எழும்பியது, வேண்டுமென்றேதான் எடுக்காமல் நின்றேன் என்று சாதித்தார். தோழி, செவ்வாய்க்கிழமை சிரித்ததற்குப் பிராயச்சித்தமாகத் தான் செய்த ஜெபம் என்றாள். தேங்காய் வியாபாரி, “நான் அன்னைக்கே சொல்லலியா, மெஷின் நல்ல மெஷினாக்கும்” என்றார். பிசியோ மட்டும் கிட்டே வந்து, தோளில் லேசாகக் கைவைத்து, “நாளைக்கும் சுவரேறணும் ஆன்ட்டி, விட்டுராதீங்கோ” என்றாள்.

கணவர் இப்போது பாடும்போது மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டார். என் கை நன்றாகத்தான் இருக்கிறது. கிளினிக்கில் தினமும் காலையில் மெஷின் தலையில் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிடுகிறார்கள். சரிபார்ப்பதை நானும் விடவில்லை, சாகிறவரை விடமாட்டேன். ஆனால் சரியாகிப்போன ஒன்று இதனால்தான் சரியாயிற்று என்று யாரிடமாவது அடித்துச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என்னைக் கேட்காமலே கூரையைப் பார்த்து நின்ற அந்தக் கை ஞாபகம் வந்து, என் குரல் தானாகக் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.